“எல்லாம் பாடம், ஆனா ஒண்டும் சொல்லுறானில்லை”: ஓட்டிசத்தில் நினைவு, தன்னுணர்வு, பிறர் மனம்

ஓட்டிசமுள்ள பிள்ளைகளைப் பற்றி யாழ்ப்பாணத்தில் மூன்று கதைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். “ஞாபகசக்தி எண்டால் பயங்கரம், ஒருக்காப் பார்த்தால் மறக்கமாட்டான்” என்பது ஒன்று. “அவன் தன்ரபாட்டில தன்ர உலகத்தில இருக்கிறான்” என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் மிகவும் காயப்படுத்துவது: “மற்றாக்களின்ர மனசு அவைக்கு விளங்காது.” கலியாண வீட்டிலும் கிளினிக் வாங்கிலும் ஆசிரியர் அறையிலும் இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் இவற்றை நம்பி ஒரு பிள்ளையை நடத்தும்போது நட்டப்படுவது அந்தப் பிள்ளைதான். அதற்காகவே இந்தக் கட்டுரை.

நினைவு, தன்னுணர்வு, பிறர் மனத்தை அறிதல் ஆகிய மூன்றும் தனித்தனி விஷயங்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நேற்று நடந்ததை நினைத்துப் பார்க்கவும், எனக்குள் என்ன நடக்கிறது என்று அறியவும், எதிரே நிற்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கவும், இப்போது கண்முன் இருப்பதை விட்டு மனதால் வேறோர் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஓட்டிசத்தில் அந்த வேலை வேறு விதமாக நடக்கிறது. சில இடங்களில் அது கடினமாகவும் இருக்கிறது. ஆனால் “இவனுக்கு அது இல்லை” என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லும் பல சந்தர்ப்பங்களில், பிழை எங்கள் கேள்வியில்தான் இருக்கிறது.

தொடங்குமுன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் மிகத் தொடக்கத்திலேயே ஏற்படும் வேறுபாடு. கைத்தொலைபேசி பார்த்ததால் வந்ததும் அல்ல, தாய் கவனிக்காமல் விட்டதால் வந்ததும் அல்ல. உலகளவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு 93 பேரில் ஒருவர் என்று கண்டது. ஆகவே உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

இரண்டு வகை நினைவு

எட்டு வயதுப் பிள்ளை ஒருவனை எடுத்துக்கொள்வோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அவனுக்குத் தண்ணீர்பட்டபாடு. பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24 தேர், 25 தீர்த்தம் என்று ஒப்புவிப்பான். எந்த நாள் எந்த வாகனம் என்று கேட்டாலும் பிழைக்காது. சப்பறத்துக்குப் போய்வந்த அடுத்த நாள் காலை தாய் கேட்கிறார்.

“தம்பி, நேற்று கோயில்ல என்ன நடந்தது எண்டு அம்மம்மாவுக்குச் சொல்லு பாப்பம்.”

“சப்பறம்.”

“பிறகு?”

“ஒண்டுமில்லை.”

அம்மம்மாவுக்கு மனவருத்தம். 25 நாளையும் பாடமாக வைத்திருப்பவனுக்கு நேற்றைய ஒரு மாலை எப்படி மறந்தது?

1972இல் என்டெல் டல்விங் என்ற உளவியலாளர் முன்வைத்த ஒரு பிரிப்பு இங்கே உதவும். நினைவு ஒரே சாமான் அல்ல என்றார் அவர். சப்பறம் 23ஆம் நாள் என்பது போன்ற தகவல்களை வைத்திருப்பது அறிவு நினைவு. அதை எப்போது, யாரிடமிருந்து கற்றோம் என்பது தெரியத் தேவையில்லை. நேற்று மாலை நான் அங்கே நின்றேன், இதைக் கண்டேன், இது முதலில் நடந்தது, இது பிறகு நடந்தது என்று இடமும் நேரமும் நானும் சேர்ந்து வருவது நிகழ்வு நினைவு. நிகழ்வு நினைவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு என்று டல்விங் 1985இல் எழுதினார்: அங்கே மறுபடி போய் நிற்பது போன்ற உணர்வு.

ஓட்டிசமுள்ள பலரிடம் அறிவு நினைவு வலுவாகவும் நிகழ்வு நினைவு தடங்கலோடும் இருக்கும். 2000இல் லண்டனில் டெர்மட் பவுலரும் சக ஆய்வாளர்களும் வளர்ந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சொற்களைக் காட்டி, பிறகு எவை முன்பு பார்த்தவை என்று கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொரு கேள்வி: பார்த்த அந்தக் கணமே ஞாபகம் வருகிறதா, அல்லது பார்த்தது என்று தெரிகிறது, அவ்வளவுதானா? ஓட்டிசமுள்ளவர்கள் சொற்களை அடையாளம் கண்டதில் பெரிய குறைவில்லை. ஆனால் “தெரியும், அவ்வளவுதான்” என்ற பதில் அவர்களிடம் கூடுதலாகவும், “அந்தக் கணமே ஞாபகம் வருகிறது” என்ற பதில் குறைவாகவும் வந்தது. வந்து சேர்ந்த இடம் ஒன்றாக இருந்தும் அவர்கள் வந்த வழி வேறு.

“பயங்கர ஞாபகசக்தி” என்ற கதையும் பழையது. 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஓட்டிசமுள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் அறிக்கையிலேயே, பெயர்ப் பட்டியல்களையும் செய்யுள்களையும் அப்படியே ஒப்புவிக்கும் திறனைக் குறிப்பிட்டிருந்தார். அது பலரிடம் உண்மை, எல்லோரிடமும் அல்ல. காங்கேசன்துறை ரயில் பாதையின் நிலையங்களைக் கோகுவில், கொண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று அடுக்கும் பிள்ளையைப் பார்த்துப் பரவசப்படுகிறோம். அதே பிள்ளை இன்று வகுப்பில் தன்னை யார் தள்ளிவிட்டது என்று சொல்ல முடியாமல் நிற்பதைப் பிடிவாதம் என்கிறோம். எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். ஒரு திறனைக் காட்டியதற்காகவே அந்தப் பிள்ளையின் சிரமத்தை நாங்கள் நம்ப மறுக்கிறோம்.

கிணறும் கயிறும்

அப்படியென்றால் நேற்றைய மாலை பிள்ளையின் மனதில் பதியவே இல்லையா? பெரும்பாலும் பதிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கீழே கிடக்கிறது. கயிறு எட்டாவிட்டால் வாளி வெறுமையாகத்தான் மேலே வரும். அதைப் பார்த்துக் கிணறு வற்றிவிட்டது என்று சொல்வோமா?

“என்ன நடந்தது, சொல்லு” என்பது கயிறே கொடுக்காத கேள்வி. எங்கே தொடங்குவது, எது முக்கியம், எதை விடுவது, எந்த ஒழுங்கில் சொல்வது என்று எல்லாவற்றையும் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். இதை உளவியலில் சுயமாக நினைவுகூரல் என்பார்கள். ஓட்டிசமுள்ளவர்களுக்கு நினைவுப் பரிசோதனைகளில் கூடுதல் சிரமம் தருவது இதுதான். ஒரு துப்புக் கொடுத்தால், அல்லது பலவற்றைக் காட்டி அடையாளம் காணச் சொன்னால், அந்தச் சிரமம் பெருமளவு குறைந்துவிடுகிறது. பவுலரும் சகாக்களும் பல ஆய்வுகளில் இதே கோலத்தைக் கண்டார்கள்: சோதனைக்குள்ளேயே எவ்வளவு கைகொடுப்பு இருக்கிறதோ அவ்வளவுக்கு நினைவு வெளியே வருகிறது.

அதே தாய் இப்போது வேறு விதமாகக் கேட்கிறார்.

“சப்பறம் வரேக்க நீ ஆருக்குப் பக்கத்தில நிண்டனி?”

“அப்பாவுக்கு. மணலுக்க கால் புதைஞ்சது.”

“அங்க நிண்டு பாக்க என்ன தெரிஞ்சது?”

“லைட் வயர். ஒரு பல்ப் எரியேல்ல. அங்கால கச்சான் கடை.”

“கச்சான் கடையில என்ன நடந்தது?”

“அம்மம்மா வாங்கித் தந்தவ. பேப்பர் சுருள் சுட்டது. நான் கீழ போட்டிட்டன். அம்மம்மா சிரிச்சவ.”

அம்மம்மா அங்கேயேதான் இருந்தார். தான் சிரித்தது உட்பட எல்லாம் பேரனிடம் இருந்திருக்கிறது.

தாய் செய்ததில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இடத்தைக் கொடுத்தார், நின்ற ஆளைக் கேட்டார், ஆனால் விடையைக் கொடுக்கவில்லை. “அம்மம்மா கச்சான் வாங்கித் தந்தவ, என்ன?” என்று கேட்டிருந்தால் பிள்ளை “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். அது நினைவல்ல, எதிரொலி. வகுப்பில் ஏதாவது பிரச்சினை நடந்து பிள்ளையை விசாரிக்கும் ஆசிரியர்கள் இதை மறக்கக் கூடாது. “முழுக்கச் சொல்லு” என்றால் மௌனம்தான் வரும், அந்த மௌனத்தைக் குற்றம் என்று எடுத்துவிடுவோம். “நீதானே செய்தனி?” என்றால் பொய்யான ஒப்புதல் வரலாம். சம்பவம் நடந்த இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போய்க் கேட்கலாம். இல்லாவிட்டால் தாளும் பென்சிலும் கொடுத்து, வரைந்துகொண்டே சொல்ல விடலாம். ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் வரையும் முறையைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வொன்று, அது நினைவுகூரலுக்கு உதவுவதைக் காட்டியது. தங்களுக்கு வேண்டிய துப்பைப் பிள்ளைகளே கோடாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பிக்கும் வீடுகளில் இந்த விஷயம் நாள்தோறும் நடக்கிறது. பலவற்றுள் சரியானதைத் தெரிவுசெய்யும் வினாக்களில் பிள்ளை நன்றாகச் செய்யும். “நான் சென்ற சுற்றுலா” என்று கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு பேனை நின்றுவிடும். “எல்லாம் தெரியும், எழுதப் பஞ்சி” என்பார்கள். பஞ்சியல்ல. அந்தத் தலைப்பில் சுயமாக நினைவுகூரலும் “நான்” என்ற ஆளும் ஒருங்கே கேட்கப்படுகின்றன. பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லும் எல்லாவற்றிலும் ஓட்டிசமுள்ள பிள்ளைக்குக் கடினமான தலைப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். சுற்றுலாவில் எடுத்த நாலு படத்தை மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டு எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இதுவரை பார்த்தது: தகவலை வைத்திருப்பது ஒன்று, நடந்ததற்குள் திரும்பிப் போவது இன்னொன்று. ஓட்டிசத்தில் இரண்டாவதுதான் அதிகம் தடைப்படுகிறது. அதிலும் பதிந்ததை வெளியே எடுப்பதே பெரிய சிக்கல், துப்புக் கிடைத்தால் பலதும் வரும்.

“நான்” இல்லாத பிள்ளையா?

நிகழ்வு நினைவுக்குள் “நான்” இருக்கிறது என்றோம். அது தடங்கலாக வருகிறதென்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் “தான்” என்ற உணர்வே இல்லையா? தன்னுணர்வு என்பது தன்னைத் தானே ஓர் ஆளாக அறிவது. அதற்குப் பல அடுக்குகள் உண்டு. அடுக்குகளைப் பிரிக்காமல் கதைப்பதால்தான் குழப்பம்.

உடல் அடுக்கிலிருந்து தொடங்குவோம். பிள்ளைக்குத் தெரியாமல் முகத்தில் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்டால், ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் முகத்தையே தொட்டுத் துடைப்பார்கள். ஓட்டிசமுள்ள பிள்ளைகளும் அதற்கேற்ற மனவளர்ச்சிக் கட்டத்தை எட்டியதும் அப்படியே செய்கிறார்கள். கண்ணாடிக்குள் இருப்பது தான்தான் என்று தெரிகிறது.

பேச்சில் தெரிவது வேறு. எங்கள் வீடுகளில் பிள்ளையிடம் “தம்பிக்குத் தண்ணி வேணுமே?” என்றுதான் கேட்போம். ஓட்டிசமுள்ள பிள்ளை தாகமெடுக்கும்போது தாயிடம் வந்து அதே ராகத்தில் “தம்பிக்குத் தண்ணி வேணுமே?” என்று கேட்கும். பார்த்தவர்கள் “தான் ஆர் எண்டே தெரியேல்ல” என்பார்கள். தண்ணீர் கிடைத்த தருணத்தில் காதில் விழுந்த வாக்கியத்தை முழுதாக எடுத்துப் பிள்ளை பயன்படுத்துகிறது. தனக்குத் தாகம் என்பது தெரிந்ததால்தான் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. அடுத்தமுறை “எனக்குத் தண்ணி வேணும்” என்று பிள்ளை சொல்ல வேண்டிய வடிவத்திலேயே சொல்லிக்காட்டித் தண்ணீரைக் கொடுங்கள். திருத்த வேண்டாம், கண்டிக்க வேண்டாம்.

வேறுபாடு ஆழமான அடுக்குகளில் கிடக்கிறது. ஒரு சொல் நம்மைப் பற்றியது என்று யோசித்தால் அது மற்றச் சொற்களைவிட நன்றாக ஞாபகத்தில் நிற்கும். “இந்தச் சொல் நீளமானதா?” என்று கேட்பதைவிட “இந்தச் சொல் உங்கள் குணத்துக்குப் பொருந்துமா?” என்று கேட்டால் மறதி குறைவு. பல ஆய்வுகளில் ஓட்டிசமுள்ளவர்களுக்கு இந்த அனுகூலம் குறைவாகவே கிடைத்தது. “நான்” இருக்கிறது, ஆனால் அது மற்றவர்களில் போல நினைவுகளைத் தன்னைச் சுற்றி ஒழுங்குபடுத்துவதில்லை. நேற்றைய கோயில் மாலை “என் மாலை” என்ற ஒரே கதையாகச் சேராமல், மணல், பல்ப், சுருள் என்று துண்டுகளாக நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னோர் அடுக்கு உணர்ச்சி. தன் உள்ளே எழும் உணர்ச்சி எது என்று இனங்கண்டு பெயர் சொல்ல முடியாத நிலையை அலெக்சிதைமியா என்கிறார்கள். உணர்ச்சி இல்லாமை என்று இதை எடுக்கக் கூடாது. நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது, ஆனால் அது பயமா கோபமா பசியா என்று பிரியவில்லை. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஓட்டிசமுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடமும், மற்றவர்களில் 100க்கு 5 பேரளவிலும் இது காணப்பட்டது. அதாவது ஓட்டிசமுள்ள மற்றப் பாதிப்பேருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஓட்டிசத்தின் கணக்கில் எழுதப்படும் பல உணர்ச்சிச் சிக்கல்கள் உண்மையில் அலெக்சிதைமியாவின் கணக்கைச் சேர்ந்தவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் நியாயமாகப் படுகிறது.

நடைமுறையில் இது கிளினிக்கில் தெரியும். “எங்க நோகுது, எப்பிடி நோகுது?” என்று கேட்டால் பிள்ளை வெறித்துப் பார்க்கும். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறது, கன்னத்தில் அடிக்கிறது என்று தாய் சொல்வார். குழப்படி என்று எழுதிவிட்டால் கடைவாய்ப் பல்லில் இருக்கும் ஓட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள். ஓட்டிசமுள்ள பிள்ளையின் நடத்தை திடீரென மாறினால் முதலில் வாயையும் காதையும் வயிற்றையும் பாருங்கள். ஒரு மனித உருவப் படத்தை நீட்டித் தொட்டுக்காட்டச் சொல்வதும் உதவும்.

போளை எங்கே?

இனி மூன்றாவது கதை. மற்றவர் நினைப்பது, விரும்புவது, நம்புவது எங்களுடையதிலிருந்து வேறாக இருக்கலாம் என்று அறிந்து நடப்பதை மனக் கோட்பாடு என்கிறார்கள். 1978இல் சிம்பன்சிகளைப் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய பெயர் அது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் இதைப் பிள்ளைகளிடம் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். 1985இல் சைமன் பரன்-கோஹன், அலன் லெஸ்லி, யூட்டா பிரித் ஆகியோர் அதை ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள்.

இரண்டு பொம்மைகள், சாலி, ஆன். சாலி தன் போளையைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் ஒளிக்கிறாள். சாலி திரும்பி வருகிறாள். அவள் போளையை எங்கே தேடுவாள்? கூடைக்குள்தான், ஏனென்றால் அது இடம் மாறியது அவளுக்குத் தெரியாது. ஓட்டிசமில்லாத, நாலரை வயதளவான 27 பிள்ளைகளில் 23 பேரும், டவுன் நிலை (Down syndrome) உள்ள 14 பிள்ளைகளில் 12 பேரும் சரியாகச் சொன்னார்கள். சராசரியாக 12 வயதான, ஓட்டிசமுள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். போளை உண்மையில் இருப்பது அங்கேதானே.

அந்த 16 பேரை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. சரியாகச் சொன்ன 4 பேரை மறந்துவிட்டது. “பெரும்பாலானோர் இந்தச் சோதனையில் தவறினார்கள்” என்பது நாளடைவில் “ஓட்டிசமுள்ளவர்களுக்குப் பிறர் மனமே தெரியாது” என்று ஆகிவிட்டது.

பிறகு வந்த ஆய்வுகள் படத்தை மாற்றின. இந்தச் சோதனை மொழியில் பெரிதும் தங்கியிருக்கிறது. 1995இல் பிரான்செஸ்கா ஹாப்பே பல முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஓட்டிசமில்லாத பிள்ளைகள் நாலு வயதளவில் எட்டும் இடத்தை, ஓட்டிசமுள்ள பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்பது வயதுக்குரிய மொழித்திறன் வந்ததும் எட்டினார்கள். பிந்தி வருகிறது, ஆனால் வருகிறது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவில், காதுகேளாத பிள்ளைகளைச் சோதித்தார்கள். வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளில் பலர் ஓட்டிசமுள்ள பிள்ளைகளைப் போலவே தவறினார்கள். அவர்களுக்கு ஓட்டிசமில்லை. மனத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளரும் வாய்ப்புத்தான் இருக்கவில்லை. “அவ ஏன் கோவிச்சவ எண்டால், நீ வருவாய் எண்டு நினைச்சவ” போன்ற வீட்டுப் பேச்சுக்கு எவ்வளவு பெறுமதி இருக்கிறது என்று பாருங்கள்.

வளர்ந்தவர்களில் நல்ல பேச்சாற்றல் உள்ள பலர் இதைவிடச் சிக்கலான சோதனைகளிலும் சித்தியடைகிறார்கள் என்று பவுலர் 1992இலேயே காட்டினார். அவர்களுக்குச் சிரமம் வேகத்தில்தான். சோதனையில் கேள்வி தெளிவாக முன்னே நிற்கும், யோசிக்க நேரம் உண்டு. கலியாண வீட்டுச் சபையில் நாலு பேர் ஒருங்கே கதைக்க, பாட்டு அலற, ஒருவர் முகம் சுருங்கியது ஏன் என்று கணப்பொழுதில் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் யோசிக்காமல் செய்வதை ஓட்டிசமுள்ளவர் கணக்குச் செய்வது போல ஒவ்வொரு படியாகச் செய்கிறார். விடை வரும்போது பேச்சு வேறெங்கோ போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் அப்படி இருந்துவிட்டு வந்தால் அடுத்த நாள் முழுக்க அறைக்குள் கிடக்க நேர்வது இயல்பு.

இன்னொன்றும் இதற்குள் கலந்துவிடுகிறது. மற்றவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, மற்றவர் துன்பத்தில் தானும் வருந்துவது வேறு. முதலாவது தடைப்பட்டால் இரண்டாவதும் இல்லையென்று முடிவு கட்டுகிறார்கள். ஒரு செத்தவீட்டில் பார்த்தது: ஓட்டிசமுள்ள இளைஞன், இறந்தவர் அவனை வளர்த்த அம்மம்மா. பறையும் ஒப்பாரியும் சனமுமாக இருந்த முற்றத்தில் அவன் அழவில்லை. கதிரைகளை ஒரே நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தான். “கல்நெஞ்சுக்காரன்” என்று யாரோ சொன்னது அவன் தாயின் காதிலும் விழுந்தது. பெட்டி மூடப்போன நேரம் அவன் உள்ளே ஓடிப்போய் அம்மம்மாவின் கண்ணாடியை எடுத்துவந்து, “இது இல்லாட்டி அவவுக்கு ஒண்டும் வாசிக்கேலாது” என்று நீட்டினான். அந்த முற்றத்தில் இருந்த எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

விளங்காமை யாருடையது?

2012இல் டேமியன் மில்டன் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர் சமூகவியலாளர், அவரும் ஓட்டிசமுள்ளவர். இருவருக்கிடையே புரிதல் முறிந்தால் அதை ஒருவரின் குறை என்று எப்படி எழுதலாம் என்று கேட்டார். ஓட்டிசமுள்ளவருக்கு மற்றவரின் மனம் பிடிபடாதது போலவே, மற்றவருக்கும் ஓட்டிசமுள்ளவரின் மனம் பிடிபடுவதில்லை. இதை இரட்டைப் புரிதல் சிக்கல் என்று சொல்லலாம்.

இது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல. 2017இல் வெளியான ஆய்வுகளில், ஓட்டிசமுள்ளவர்கள் பேசும் சில வினாடி ஒளிப்பதிவுகளை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்கள் உடனேயே அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள், பழக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு காணாமல்போனது. சொன்ன விஷயத்தில் குறையில்லை. குரலும் முகபாவமும் பழக்கமில்லாதவையாக இருந்ததுதான் காரணம்.

2020இல் கத்தரின் க்ரொம்ப்டனும் சகாக்களும் ஒரு கதையை ஆளுக்கு ஆள் சொல்லிக் கடத்தச் செய்தார்கள். ஓட்டிசமுள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலிகளில் கதை மற்றவர்களின் சங்கிலிகளில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருசாராரும் கலந்த சங்கிலியில் கூடுதலாகச் சிதைந்தது. 2025இல் 311 பேரை வைத்துப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது கலந்த சங்கிலிகளிலும் குறைவு காணப்படவில்லை. முதலாவது முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு “அவை அவையோடதான் சேருவினம்” என்று சொல்வது சரியில்லை. இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டு: ஓட்டிசமுள்ளவர்களால் விஷயத்தைச் சரியாகக் கடத்த முடியும்.

சுருக்கமாக: போளைச் சோதனை காட்டியது ஒரு வேறுபாட்டையும் ஒரு தாமதத்தையும். அதிலிருந்து “மனமறியாதவர்கள்” என்ற முத்திரைக்குப் போன பாதையில் மொழியையும் வேகத்தையும் பார்ப்பவரின் பங்கையும் தவறவிட்டோம்.

நாளைக்குக் கொழும்பு

மூன்றும் பின்னிக் கிடக்கின்றன என்று தொடக்கத்தில் சொன்னேன். மூளைப் படங்கள் எடுத்துப் பார்த்தால், கடந்ததை நினைக்கும்போதும், வரப்போவதைக் கற்பனை செய்யும்போதும், பிறர் மனத்தை யோசிக்கும்போதும் வேலைசெய்யும் பகுதிகள் பெருமளவு ஒன்றாகவே இருக்கின்றன. நேற்றைய நாளுக்குள் போய் நிற்கச் சிரமப்படுபவருக்கு நாளைய நாளுக்குள் போய் நிற்பதும் சிரமமாக இருக்கும். ஓட்டிசமுள்ளவர்களிடம் எதிர்கால நிகழ்வுகளை விவரிக்கச் சொன்ன ஆய்வுகளிலும் இந்தச் சிரமம் காணப்பட்டது.

“நாளைக்குக் கொழும்புக்குப் போறம்” என்று சொன்னவுடன் பிள்ளை கத்துவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். எங்களுக்கு அந்தச் சொல்லோடு ரயில் பெட்டி, யன்னல், பெரியம்மா வீட்டு வாசல் என்று படம் ஓடிவிடும். பிள்ளைக்கு நாளை என்பது வெறும் இருட்டாக இருக்கலாம். முதல் நாளே யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தின் படம், ஏறப்போகும் பெட்டியின் படம், கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டி, பெரியம்மாவின் முகம், படுக்கப்போகும் அறை என்று வரிசையாகத் தாளில் ஒட்டிக் கொடுங்கள். கழிவறை எங்கே என்பதும் அதில் இருக்கட்டும், பல பிள்ளைகளின் பெரிய பயம் அதுதான். திரும்பி வரும் நாளையும் மறக்காமல் ஒட்டுங்கள்.

பேச்சு வராத பிள்ளைகள்

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை சரளமாகப் பேசுபவர்களிடம், பெரும்பாலும் பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் செய்யப்பட்டவை. பேச்சு வராத பிள்ளைகள், கற்றல் சிரமம் கூடுதலாக உள்ள பிள்ளைகள் அவற்றில் மிகக் குறைவு. அறிமுகமில்லாத ஒருவர் பொம்மைகளை வைத்துக் கேள்வி கேட்டால் ஓட்டிசமில்லாத எங்கள் பிள்ளைகளே தாயின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆகவே பேச்சில்லாத ஒரு பிள்ளையைக் காட்டி “ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்கினம், இவனுக்கு விளங்காது” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

பேச்சு வராத பிள்ளையிடமும் கேட்கலாம். வீட்டு ஆட்கள், சாப்பாடு, இடங்கள், நோவு, “ஓம்”, “இல்லை” என்று சிறு படங்கள் ஒட்டிய மட்டை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிள்ளை தொட்டுக் காட்டுவதை விடையாக எடுத்து நடவுங்கள். பார்வை எங்கே போகிறது, கை எங்கே இழுக்கிறது என்பதும் விடைதான். கேள்வியை ஒருமுறை, குறைந்த சொற்களில் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வரவில்லையென்று அதே கேள்வியை வேறு சொற்களில் உடனே கேட்டால் பிள்ளைக்கு அது புதிய கேள்வி. முதலாவதற்குப் பாதி தேடியெடுத்த விடையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.